மறுஇணைப்பா, மாற்றிணைப்பா?

‘மேக்னடிக் ரீகனெக்‌ஷன்’ என்பதைக் ‘காந்த மறுஇணைப்பு’ என்று எழுதிவருகிறோம். கட்டணம் செலுத்தாததால் துண்டித்த மின்சாரத்தை அதே வீட்டுக்குத் திரும்பக் கொடுப்பதே மறுஇணைப்பு. பிளாஸ்மாவில் நிகழ்வது அதுவன்று. எதிரெதிர்த் திசைகொண்ட இரு காந்தப்புலங்கள் நெருக்கப்படுகையில் இடையே மெல்லியதொரு மின்னோட்டத் தாள் உருவாகிறது. அங்கே பழைய பிணைப்பு அற்று, இப்பக்கக் கோட்டின் பாதி அப்பக்கக் கோட்டின் பாதியோடு சேர்கிறது. புலத்தில் தேங்கியிருந்த ஆற்றல் துகள்களின் வேகமாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது.

2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்ததை நினைவுகூர்க. சூரியனிலிருந்து வந்த தென்முகப் புலம் புவியின் வடமுகப் புலத்தோடு இணைவதால் புயல் உள்ளே நுழைகிறது என்பது 1961இல் டஞ்சி தந்த விளக்கம். அதற்கு முன் இணைந்தே இராத இரண்டை எங்ஙனம் ‘மறு’இணைப்பது? மாணவர் இவ்வாறு கேட்டால் குற்றம் அவருடையதன்று.

மறுகரை, மறுபக்கம் என ‘வேறு’ என்ற பொருளும் ‘மறு’வுக்கு உண்டே எனலாம். உண்டு. எனினும் தொழிற்பெயருக்கு முன் வருகையில், மறுபதிப்பு, மறுவாசிப்பு என்பனபோல, ‘மீண்டும்’ என்ற பொருளே முந்துகிறது. (மறுமணத்தில் மட்டும் துணை வேறு, இயற்பியல் வேண்டுவது அதைத்தான்!)

‘மாற்றிணைப்பு’ என்பதே என் பரிந்துரை. ‘கோடு’ என்பதும் கற்பனைதான். புலக்கோடுகள் பிளாஸ்மாவில் உறைந்திருக்கும் என்ற கருத்தைத் தந்த ஆல்வேனே 1970இல் தம் நோபல் உரையில் அதை நம்பிவிடலாகாது என எச்சரித்தார். ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டை அப்படியே பெயர்க்கும் நாம் அந்த எச்சரிக்கையைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.