மனப்பாடம் செய்த வார்த்தை எங்கே போச்சு?

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைக்கு நாம் விழுந்து விழுந்து படித்த 'சினானிம்ஸ்', 'ஆன்டனிம்ஸ்' வார்த்தைகளில் இன்றைக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை தேறுமா?

மனப்பாடத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. வீட்டில் ஏ, பி, சி, டி தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லாத கொண்டப்பநாயக்கன்பட்டிப் பையனுக்கு அந்த 35 மார்க் லேசுப்பட்டதா? கைடை உருப்போட்டுத்தான் டிப்ளமோ வரைக்கும் வந்திருக்கிறான். 2019-இல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்களையும் ஒன்றாக்கினார்கள். சுமை குறைந்தது, சந்தோஷம். ஆனால் படிக்கிற விதம் மாறியதா? ஒரு வார்த்தைக்கு எதிரே இன்னொரு வார்த்தை. இரண்டுமே இங்கிலீஷ், இரண்டுமே புரியாது! ஒன்றைக் கேட்டால் மற்றதைச் சொல்லுவான். அர்த்தம் என்னப்பா என்றால் முழிப்பான்.

கடினமான வார்த்தைப் பட்டியல்களில் 'ரிஃப்ராக்டரி' என்று ஒன்று வரும். எதிரே 'ஸ்டபர்ன்' என்று போட்டிருக்கும். அதாவது அடங்காதவன், முரண்டு பிடிக்கிறவன். நம்ம ஊர்ப் பக்கம் இதைக் கைடில் தேட வேண்டியதே இல்லை. சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று கரடுகள் இருக்கிறதே, அதற்கு வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்தான். அது சாக்பீஸும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மாக்னசைட். அதைச் சூளையில் சுட்டு, செங்கல்லாக்கி, உருக்கு உலையின் உட்புறம் அடுக்குகிறார்கள். இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும். இந்தக் கல்லில் உள்ள மக்னீசியம் ஆக்சைடு உருகச் சுமார் 2,800 டிகிரி வேண்டும். எவ்வளவு தீ மூட்டினாலும் மசியாத கல்! அதனால்தான் அதற்கும் 'ரிஃப்ராக்டரி' என்றே பேர். 2011-இலிருந்து இங்கே 'செயில் ரிஃப்ராக்டரி கம்பெனி' என்று கம்பெனிப் பேரிலேயே இருக்கிறது. இப்படித் தெரிந்துகொண்டவன் அந்த வார்த்தையை மறப்பானா?

நம் ஒர்க்‌ஷாப்பே ஓர் அகராதிதான். 'டாலரன்ஸ்' என்றால் பள்ளிக்கூடத்தில் சகிப்புத்தன்மை. லேத்தில் ஷாஃப்ட் கடைந்தவனுக்கோ அது டிராயிங்கில் போட்டிருக்கும் அளவு, 0.02 மில்லிமீட்டர் என்றால் அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள், தாண்டினால் ஸ்கிராப். (மனுஷனுக்கும் இப்படி ஒரு டிராயிங் இருந்தால் ஹாஸ்டல் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்!) 'ஃபெட்டீக்' என்றால் களைப்பு. 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி, தகடு களைத்துப்போய் விரிசல் விட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். உலோகத்துக்கும் களைப்பு உண்டு!

இன்டர்வியூவில் நம் பையன்கள் வேலை தெரியாமலா கோட்டை விடுகிறார்கள்? வார்ப்பிரும்பு படாரென்று உடைவதைக் கண்ணால் பார்த்தவன், 'பிரிட்டில்' என்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கையில் இருக்கிற சரக்கு வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. வேலை வேறொருத்தனுக்குப் போய்விடுகிறது.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு சின்னக் கரும்பலகை வையுங்கள். வாரம் மூன்று வார்த்தை. எதிரே இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை வேண்டாம், தமிழில் ஒரு வாக்கியம், அந்த மெஷினை வைத்தே. சீனியர்கள் எழுதட்டும், முதல் வருஷத்துப் பசங்க சத்தம் போட்டுப் படிக்கட்டும். தப்பாக உச்சரித்தால் யாரும் சிரிக்கக் கூடாது. அப்படியே லைப்ரரியில் இரண்டு நல்ல அகராதிகளும் வேண்டும், பூட்டாத அலமாரியில்.