பெட்டியில் அட்மாஸ்... காதில் என்ன?

தீபாவளித் தள்ளுபடி வந்துவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதிகம் கண்ணில் படும் சொல், 'டால்பி அட்மாஸ்'. டிவிக்குக் கீழே வைக்கும் சின்ன சவுண்ட்பார் பெட்டியில் அது இருக்கிறது. லட்ச ரூபாய் ஹோம் தியேட்டர் செட்டிலும் இருக்கிறது. ஓடிடியில் படத்தின் பெயருக்குக் கீழே இருக்கிறது. புளூ-ரே டிஸ்க்கின் பின்னட்டையிலும் இருக்கிறது. சொல் ஒன்றுதான். ஆனால், வீட்டு ஹாலுக்குள் வந்து சேரும் சத்தம் ஒன்றல்ல.

கடையில் டெமோ போட்டுக் காட்டும்போது ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கிறது. வீட்டில் மாட்டியதும் அதே ஹெலிகாப்டர் டிவிக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வருகிறது. 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று குடும்பமே உதட்டைப் பிதுக்குகிறது. பல நேரங்களில் கருவியில் பழுது எதுவும் இருக்காது. பெட்டியில் இருக்கும் அந்த ஒரு சொல் எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்பது தெரியாமல் வாங்கியதுதான் சிக்கல்.

தலைக்கு மேல் ஏறிய சத்தம்

பழைய 5.1 முறை எல்லோருக்கும் பழக்கமானது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, அடித்தொண்டை 'தும் தும்'முக்கு ஒரு சப்வூஃபர். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று ஸ்டுடியோவிலேயே முடிவு செய்து, தனித்தனித் தடமாகப் பிரித்துவிடுவார்கள்.

அட்மாஸில் இன்னொரு வசதி சேர்ந்தது. ஒரு சத்தத்தை ஸ்பீக்கருக்கு என்று ஒதுக்காமல், 'இது அறையின் இந்த மூலையில், இந்த உயரத்தில் கேட்க வேண்டும்' என்று முகவரி எழுதி அனுப்பலாம். கேட்கும் இடத்தில் உள்ள கருவி அந்த முகவரியைப் படித்து, அங்கே இருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். தியேட்டர் அட்மாஸில் ஒரே நேரத்தில் 128 தடங்கள் வரை வரலாம்; 64 தனி ஸ்பீக்கர் வழிகள் வரை போகலாம்.

2012 ஜூனில் பிக்ஸாரின் 'பிரேவ்' படத்தோடு இது உலகுக்கு அறிமுகமானது. அதே ஆண்டு டிசம்பரில், ரஜினி பிறந்தநாளன்று வெளியான 'சிவாஜி 3டி', அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம். 2013-ல் வந்த கமலின் 'விஸ்வரூபம்', பெல்ஜியத்தில் உருவான 'ஆரோ 3டி' என்ற போட்டி முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆக, மேலிருந்து வரும் சத்தத்தைச் சீக்கிரமே கேட்டுப் பழகியவர்கள் தமிழ் ரசிகர்கள்.

வீட்டுக்கு அட்மாஸ் வந்தது 2014-ல். அந்த ஆண்டு வெளியான 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்' புளூ-ரேதான் முதல் அட்மாஸ் டிஸ்க். மறு ஆண்டே டிடிஎஸ் நிறுவனம் 'டிடிஎஸ் எக்ஸ்' என்ற தன் முறையோடு களமிறங்கியது. டிஸ்க்குக்கும் டிடிஎஸ்ஸுக்கும் உறவு புதிதல்ல. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோது, ஃபிலிமில் நேரக் குறிப்பு மட்டும்தான் இருந்தது. டிடிஎஸ் ஒலி தனியாக சிடியில் வந்து, அந்தக் குறிப்பைப் பார்த்துப் படத்தோடு சேர்ந்து ஓடியது.

புடவையை மடிப்பதா, வெட்டுவதா?

ஓடிடியில் வரும் அட்மாஸுக்கும் டிஸ்க்கில் வரும் அட்மாஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பட்டுப்புடவையைச் சின்னப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு வழி, அதை நன்றாக மடித்து வைப்பது. பிரித்தால் அதே புடவை, ஓர் இழைகூடக் குறையாது. இன்னொரு வழி, 'கொசுவத்துக்குள் மறையும் துணி யார் கண்ணில் படப்போகிறது?' என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டு வைப்பது. கட்டினால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால், அது முழுப் புடவை இல்லை.

புளூ-ரே டிஸ்க்கில் அட்மாஸ் பெரும்பாலும் 'ட்ரூஹெச்டி' என்ற முறையில் மடித்து வைக்கப்படுகிறது. பிரித்தால், ஸ்டுடியோ அந்த டிஸ்க்குக்கு என்று தயாரித்த ஒலி அப்படியே வரும். ஓடிடியில் வருவது 'டால்பி டிஜிட்டல் பிளஸ்'. ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது அதன் நிழலில் மறைந்துபோகும் சின்னச் சத்தங்களைக் காது கவனிக்காது என்ற கணக்கில், அவற்றைக் கழித்துவிடும் முறை இது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸுக்கு நொடிக்கு அதிகபட்சம் 768 கிலோபிட். டிஸ்க்கின் ட்ரூஹெச்டி அட்மாஸ் பல படங்களில் 3,000 கிலோபிட்டைத் தாண்டும். 18,000 வரை அதற்கு இடமுண்டு. 1982-ல் வந்த சாதாரண ஆடியோ சிடிகூட, இரண்டே தடத்துக்கு 1,411 கிலோபிட் செலவழித்தது.

அப்படியானால் டிஸ்க் நாலு மடங்கு நன்றாகக் கேட்குமா? கேட்காது. கழிக்கும் முறையும் கெட்டிக்காரத்தனமானதுதான். 768 கிலோபிட்டில் வரும் ஒலியையும் டிஸ்க் ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டால், சாதாரண ஸ்பீக்கரில் பலரால் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல ஸ்பீக்கர், அமைதியான அறை, கொஞ்சம் கவனம் மூன்றும் சேர்ந்தால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. மழை ஓயும்போது இலையில் சொட்டும் துளி, அரங்கத்தில் கைதட்டல் அடங்கும் கடைசி நொடி, பேஸ் அதிர்ந்து அறுபடும் இடம் போன்றவற்றில் அதைத் தேடலாம்.

டிஸ்க் என்றாலே உசத்தி என்றும் இல்லை. தியேட்டரின் 128 தடங்கள் வீட்டுக்கு அப்படியே வருவதில்லை. அருகருகே உள்ள சத்தங்களைச் சேர்த்து, 12 முதல் 16 கட்டுகளாக்கித்தான் டிஸ்க்குக்கும் ஓடிடிக்கும் அனுப்புகிறார்கள். வீட்டுக்கென்று செய்யும் ஒலிக்கலவை சரியில்லாவிட்டால், எவ்வளவு பெரிய டிஸ்க்கிலும் அது சரியாகாது. ஒரே டிவிடியில் மூன்று படங்களை அடைத்து விற்ற காலம் நினைவிருக்கும். அட்டையில் பெரிதாக 'டிடிஎஸ்' என்று போட்டிருந்தாலும், உள்ளே இருந்தது பிழிந்தெடுத்த சக்கைதான்.

நடுவழியில் தொலையும் ஒலி

டிஸ்க்கில் முழு ஒலி இருந்தும் ஸ்பீக்கரை எட்டாமல் போவது பல வீடுகளில் நடக்கிறது. காரணம், வயர் போகும் வழி.

டிவியின் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் 'ஆர்க்' என்றோ 'இ-ஆர்க்' என்றோ எழுதியிருக்கும். டிவிக்கு வந்த ஒலியை சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ திருப்பி அனுப்பும் வழி அது. பழைய 'ஆர்க்' ஒரு சந்து மாதிரி. ஓடிடியின் அட்மாஸ் அதில் நுழைந்துவிடும். டிஸ்க்கின் ட்ரூஹெச்டி நுழையாது. 'இ-ஆர்க்' நாலு வழிச் சாலை. நொடிக்குச் சுமார் 37 மெகாபிட் வரை போகலாம் என்பதால் இரண்டுக்கும் இடமுண்டு. இதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.

சில டிவிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதே இல்லை. அதனால் டிஸ்க் பிளேயரை முதலில் ரிசீவரில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை அனுப்புவதே நல்லது. பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் 'பிட்ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெனு 'டிக் டிக்' சத்தத்தையும் கூடுதல் ஒலித் தடத்தையும் கலக்கும் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்ற செட்டிங் ஆனில் இருந்தால் அணைத்துவிட வேண்டும். அது ஆனில் இருந்தால் அட்மாஸ் பல பிளேயர்களில் வெளியே வராது. காசு செலவில்லாத திருத்தம் இது.

கூரையும் ஃபேனும்

பெட்டியில் 5.1.2 என்று எழுதியிருந்தால், முதல் எண் காது மட்டத்து ஸ்பீக்கர்கள், நடு எண் சப்வூஃபர், கடைசி எண் மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள். 2.1, 3.1 என்று இரண்டு எண்ணோடு நின்றுவிட்டால், மேலே அனுப்பத் தனி ஸ்பீக்கர் அதில் இல்லை. காதை ஏமாற்றி உயரத்தைத் தோன்றச் செய்யும் வித்தைதான் உள்ளே இருக்கிறது. சிலருக்கு அது போதும். ஆனால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

பல சவுண்ட்பார்களில் மேல்நோக்கிய ஸ்பீக்கர்கள் இருக்கும். சத்தத்தைக் கூரையில் அடித்துக் கீழே தெறிக்கச் செய்பவை அவை. இதற்குக் கூரை சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும், 7.5 முதல் 12 அடி உயரம் நல்லது. கான்கிரீட் வீட்டில் இது பொருந்தும். சாய்வான ஓட்டுக் கூரையிலும், அடுக்கடுக்காக வளைவு வைத்த ஃபால்ஸ் சீலிங்கிலும் தெறிக்கும் சத்தம் எங்கேயோ போய்விடும். அங்கே கூரையிலோ, சுவரின் உச்சியிலோ சின்ன ஸ்பீக்கர் மாட்டுவதே வழி.

டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள ஹாலில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று சத்தம் நீண்டால், எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் வசனம் குழம்பும். கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி மூன்றும் சேர்ந்தால், விலை கூடிய மாடலுக்கு மாறுவதைவிட அதிக பலன் கிடைக்கும். ஃபேன் சத்தம் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தாத்தாவுக்குக் கேட்க வேண்டும்

வீட்டில் படம் ஓடும்போது வழக்கமாக நடப்பது இது. வசனம் புரியவில்லை என்று தாத்தா வால்யூமைக் கூட்டுவார். சண்டைக் காட்சி வந்ததும் குழந்தை விழித்துவிடும் என்று அம்மா குறைப்பார். இடைவேளைக்குள் ரிமோட் நாலு கை மாறிவிடும்.

மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர்கள் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருப்பது இதற்கு ஒரு காரணம். சரவுண்ட் படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ஆகவே, வயதானவர்கள் உள்ள வீட்டில் முதல் செலவு மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கு இல்லை. நல்ல நடு ஸ்பீக்கருக்கு. 3.1 சவுண்ட்பாரே இதில் பெரிய மாற்றம் காட்டும். ரிசீவர் இருந்தால் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டிவைக்கலாம். இரவில் 'நைட் மோட்' போட்டால் மெல்லிய சத்தம் கூடி, பெரிய சத்தம் குறையும். ஒலிப் பிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால், குழந்தையும் தூங்கும், தாத்தாவும் படம் பார்ப்பார்.

டிஸ்க் யாருக்கு?

மாதம் ஒன்றிரண்டு படம் பார்க்கும் வீட்டுக்கு ஓடிடி அட்மாஸ் தாராளம். சில தளங்களில் அதற்குக் கூடுதல் கட்டணத் திட்டம் வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனி ரிசீவர், தனி ஸ்பீக்கர்கள் என்று ஏற்கெனவே செலவழித்தவர்களுக்கும், ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கும் டிஸ்க் அர்த்தமுள்ளது. வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் கவனிக்க: புளூ-ரேயில் இந்தியா 'சி' மண்டலம். அமெரிக்காவின் 'ஏ' மண்டல டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு அந்த மண்டலத் தொல்லை இல்லை.

பிளேயர் கிடைப்பதும் வர வரக் கடினமாகிறது. ஆப்போ 2018-ல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புதிய மாடல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதில் தமிழ் ரசிகருக்குத்தான் இழப்பு அதிகம். 2007 வாக்கில் மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றபோது, பெட்டிக்கடையில்கூடத் தமிழ்ப் படம் கிடைத்தது. இன்று தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை டிஸ்க்காக வெளிவருவதே இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து கலைஞர்கள் கோத்த ஒலி, தியேட்டரை விட்டு இறங்கியதும் ஓடிடியின் வெட்டிய வடிவில் மட்டும்தான் வீட்டுக்கு வருகிறது. லட்ச ரூபாய் செட் வாங்கினாலும் அதன் முழு வடிவத்தைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. தளம் படத்தை எடுத்துவிட்டால் அந்த வடிவமும் கையில் இருக்காது.

ஆகவே, ஒலிக்காகவே பேசப்படும் தமிழ்ப் படம் வந்தால், 'ஓடிடியில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாமல் ஒருமுறை நல்ல தியேட்டரில் கேட்டுவிடுவது நல்லது. கடைக்குப் போகும்போது, நன்றாகத் தெரிந்த ஒரு காட்சியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கடையின் டெமோ வேண்டாம். அது எண்ணில் 5.1.2-ஆ 2.1-ஆ, இ-ஆர்க் இருக்கிறதா, வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு பில் போடச் சொல்லலாம். முடிந்தால் தாத்தாவையும் கடைக்குக் கூட்டிப் போங்கள்.