சொல் மேகமா, சொல்லின் கனமா?

பள்ளித் திரையில் இப்போது ‘சொல் மேகம்’ காட்டுகிறார்கள். பாடத்தில் அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘லெ’, ‘லா’வை நீக்கிவிட்டால் அந்த மொழிக்கு இது ஓரளவு ஒத்துவரும். தமிழுக்கு? அணை, அணையை, அணையில், அணைக்கு என்று ஒரே சொல்லை நான்காகச் சிதறடிக்கும்.

அதைவிடப் பெரிய குறை: எண்ணிக்கை வேறு, கனம் வேறு. 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணைப் பாடத்தில் பென்னிகுயிக் பலமுறை வருவார். காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் ஒரு வரியில் வந்தாலே அதிகம். மேகத்தில் அவர்கள் தூசு. நம் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களோ அவர்கள் உயிரில் விளைகின்றன.

ஆசிரியர்களே, பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுங்கள். எந்தச் சொல்லைப் பெரிதாக எழுதுவது, ஏன் என்று அவர்களே வாதாடட்டும். அதுதான் பாடம்.