பத்து ரிங்கிட் யாருடையது?



பள்ளி விடுமுறை தொடங்கியதும் தாப்பாவிலிருந்து மலையேறும் வாகனங்களின் வரிசை எங்கள் தானா ராத்தாவில் வந்து நிற்கும். தங்க இடம் தேடி அலைவோரைக் கண்டு, தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றுப் பட்டணத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் சில, வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒழுங்கு செய்து நாள் வாடகைக்கு விடுகின்றன. நல்ல முயற்சிதான். பிள்ளைகளின் பாடநூல் செலவும் பேருந்துக் கட்டணமும் அதிலிருந்து வருவதை நான் அறிவேன்.

அத்தகைய தாயார் ஒருவர் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். அவர் மகன் என் வகுப்பில், ஐந்தாம் ஆண்டில் பயில்கிறான். கையில் ஒரு பழைய மைலோ டின். அதனுள் 430 ரிங்கிட்.

"டீச்சர், இது அரசாங்கத்துப் பணம். வாங்கிப் போக யாருமே வரலை. யாரிடம் கொடுக்கணும்?"

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. ஒரு தங்கும் விடுதியின் முகப்பில் "சுற்றுலா வரி: ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட்" என்று எழுதியிருந்ததைக் கண்டு, தாமும் அதையே அட்டையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார். வந்த விருந்தினர் அனைவரிடமும் வாடகைக்கு மேல் பத்து ரிங்கிட் பெற்றிருக்கிறார். அதில் ஒரு காசைக்கூடத் தொடவில்லை. ஒவ்வோர் இரவையும் மகனின் பழைய கணக்கு நோட்டில் தேதியுடன் குறித்தும் வைத்திருக்கிறார்.

மாலையில் இருவரும் அமர்ந்து அந்த நோட்டைப் பார்த்தோம். மொத்தம் 43 இரவுகள். அவற்றுள் 31 இரவுகள் ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த மலேசியர்கள் தங்கியவை. சுற்றுலா வரிச் சட்டம் 2017-இல் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவர்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். ஆக, 310 ரிங்கிட் வாங்கியிருக்கவே கூடாத பணம்.

எஞ்சிய 12 இரவுகள் வெளிநாட்டவருடையவை. அவற்றுள் 8 இரவுகள் இணைய முன்பதிவுத் தளத்தின் வழி வந்தவை. 2023 ஜனவரி 1 முதல் அத்தகைய தளங்களே தங்கள் வழியாக நடக்கும் தங்கலுக்கு இவ்வரியை வசூலித்துச் சுங்கத்துறையிடம் செலுத்த வேண்டும் என்பது விதி. விருந்தினர் காட்டிய ரசீதுகளில் அத்தொகை தனியே குறிக்கப்பட்டிருந்தது. வாசலில் மீண்டும் பத்து ரிங்கிட் பெற்றதால் அவர்கள் இருமுறை கொடுத்தவர்களாகிவிட்டனர். மீதி 4 இரவுகள் நேரடியாக வந்தவர்களுடையவை. அதுவும் செல்லாது. நான்கு அறைகளும் அதற்குக் குறைவாகவும் உள்ள இடங்களை நடத்துவோர் இவ்வரிக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இவர் வீட்டில் மூன்றே அறைகள். பதிவு இல்லாதவருக்கு, வரி என்ற பெயரில் பணம் பெறும் உரிமையும் இல்லை.

அந்த டின்னில் இருந்ததில் ஒரு ரிங்கிட் கூட வரியன்று! இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க இயலவில்லை. "நான் திருடிட்டேனா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் சட்டத்தின் பார்வையில் நல்லெண்ணம் மட்டும் போதுமா என்ற ஐயம் எனக்குள் இருந்தது.

இங்கே என் கருத்தைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். வரி கட்டாமல் ஏய்ப்பவர்களைப் பற்றியே எங்கும் பேச்சு. ஆனால் நம்மவரிடையே நான் காண்பது வேறு வகை: வசூலிக்கக் கூடாததை நேர்மையாக வசூலிப்பவர்கள். அறை வாடகை 70 ரிங்கிட் போதவில்லையெனில் 80 என்று எழுதிக்கொள்ளலாம். விலையை நிர்ணயிப்பது வீட்டுக்காரரின் உரிமை. அந்தப் பத்து ரிங்கிட்டுக்கு 'வரி' என்று பெயர் சூட்டுவது மட்டும் அவர் உரிமையன்று. விலைக்கும் வரிக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நம் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துரைக்க எவரும் இல்லை. எனக்குக் கிடைத்த விளக்கக் குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலுமே இருந்தன.

'ஹோம்ஸ்டே' என்ற சொல்லும் நம்மைக் குழப்புகிறது. 1995-இல் நம் பகாங் மாநிலத்துத் தெமர்லோவில் தொடங்கப்பெற்ற ஹோம்ஸ்டே திட்டம், விருந்தினர் கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி வாழ்வது. சுற்றுலா அமைச்சில் பதிவு பெற்றது. அதற்குத் தனி விலக்கு உண்டு. பெயர்ப்பலகையில் அச்சொல்லை எழுதுவதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. சேவை வரியும் அப்படித்தான். 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு என்பது உண்மையே. ஆனால் தங்குமிடம் நடத்துவோரைப் பொறுத்தவரை, 12 மாதங்களில் 500,000 ரிங்கிட்டுக்கு மேல் வருமானம் ஈட்டுவோரே அதற்குப் பதிவு செய்ய வேண்டும். மூன்று அறை வீட்டுக்கும் அதற்கும் வெகுதூரம். அதே வேளையில், வாடகையாக வந்த பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய கடமையிலிருந்து இவ்விலக்குகள் எவரையும் விடுவிப்பதில்லை. உரிமம் பற்றி மாவட்ட மன்றத்தில் கேட்டுக்கொள்வதும் நலம்.

சிறியவர்களுக்கு விலக்களித்தது நியாயமே என்பேன். ஆனால் வரியின் அளவில் எனக்கு மனக்குறை உண்டு. 60 ரிங்கிட் அறைக்கும் பத்து, 600 ரிங்கிட் அறைக்கும் பத்து. முதலாவதில் ஆறில் ஒரு பங்கு, இரண்டாவதில் அறுபதில் ஒரு பங்கு. முதுகில் பையைச் சுமந்து வரும் இளைஞர்கள் மலிவான அறை தேடும் ஊர் எங்களுடையது. சுமை யார் தலையில் விழுகிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்தேன். பின்னப் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

"பள்ளிக்கூடம் என்ன, சுங்கத்துறை அலுவலகமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அன்று. ஆனால் அந்தத் தாயார் டின்னோடு தேடி வந்தது பள்ளிக்கூடத்தைத்தான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, கணக்கைக் கடைவீதியிலிருந்து தொடங்குங்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே கடைவீதி தானாகவே வகுப்பறைக்கு வந்திருக்கிறது.

வாசலில் இருந்த அட்டை அன்றே கழற்றப்பட்டது. இணையத் தளத்தின் வழி வந்தவர்களுக்கு முதலில் செய்தி அனுப்பினோம். தொலைபேசி எண் கிடைத்த மற்றவர்களுக்கு அவர் ஒவ்வொருவராகப் பணத்தைத் திருப்பி வருகிறார். எண் இல்லாதவர்களின் பணம் இன்னும் டின்னிலேயே இருக்கிறது. அதை என்ன செய்வதென்று சுங்கத்துறையிடம் எழுத்து வடிவில் கேட்பதற்குக் கடிதம் ஒன்றை மலாயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். அறை வாடகைக்கு விடும் பெற்றோர்கள் தங்கள் ரசீதுகளையும் முன்பதிவுத் தாள்களையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.