இரு பாதி, ஒரு படம்

தாராவி அன்பர் ஒருவர், தம் பாட்டனார் நிற்கும் நீண்ட குழுப்படத்தை இரு பாதிகளாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பாட்டனாருக்கு வேறு படமில்லை. இணைப்போ அவர்மீதே விழுந்தது! தலைப்பாகையைப் பொருத்தினோம், பாதம் இரட்டையாயிற்று. படத்தைச் சுருக்கிப் பார்க்கையில் இப்பிழை தெரியாது. 6,000 புள்ளி உயரத்தில் 0.1 பாகைச் சாய்வே 10 புள்ளிகள் விலகச் செய்யும்.

2018-இல் வெளியான கிம்ப் 2.10 மென்பொருளின் கைப்பிடிக் கருவி கைகொடுத்தது. தலைப்பாகையில் ஒரு கைப்பிடியை நாட்டிப் பாதத்தில் மற்றொன்றை இழுத்தால், முன்னது அசையாதிருக்கப் படம் திரும்பும்; அளவும் மாறும். இவற்றைத் தனித்தனியே செய்தால் ஒவ்வொரு முறையும் படம் சற்று மங்கும். ஆயினும் இரு முனைகளையும் பெரிதாக்கி ஒருங்கே காட்டும் வசதி அக்கருவிக்கு அவசியம் வேண்டும். தலைக்கும் காலுக்குமாக நாம் அலைந்தது அரைநாள்!