இரவில் கூவுவது எது?

இரவில் ஆந்தை அலறினால் 'சாக்குருவி' வந்ததென்று கலங்குவோர் வன்னியில் இன்றும் உளர். வீட்டில் நோயாளி இருந்துவிட்டாலோ, கல்லெடுத்து எறியவும் தயங்கார். எறியுமுன் சற்றுச் செவி கொடுத்துக் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள். குரலுக்குரியது எதுவெனத் தெரிந்தால் அச்சம் பாதி அகலும்.

வளவுப் புளியமரத்தில் தவளை கத்துவதுபோல் 'வட்' என்று ஒற்றைக் குரல் எழுந்து, சில விநாடி கழித்து மீண்டும் அதேபோல் வருகிறதா? அது செவித்தூவி நிமிர்ந்த சிற்றாந்தை. உயரம் ஒரு சாணுக்குச் சற்று மிகும், அவ்வளவே. உண்பது பெரும்பாலும் வண்டும் பூச்சியும். 'ஊ-உக்' என்று இரட்டைக் குரல் பலமுறை தொடருமாயின், அது பருந்துருவம் கொண்ட ஆந்தை. இரணைமடு போன்ற குளக்கரைகளில் பானைக்குள் பேசினாற்போல் 'பூம், பூம்' என முழங்குவது மீன் தின்னும் பேராந்தை. மெல்லத் தொடங்கி, வரவர விரைந்து, பின் ஓய்வது காட்டுச் சிற்றாந்தையின் குரல். அது பகலிலும் கூவும். அப்போது மட்டும் எவரும் அஞ்சக் காணோம்!

கண்ணுக்கு முன்னே செவி கண்டுபிடித்த ஆந்தையும் நம் நாட்டில் உண்டு. 1995இல் கித்துல்கலைக் காட்டில் தீபால் வரகாகொட என்னும் பறவை ஆய்வாளர் முன்னறியாத குரலொன்றைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையைச் சிங்கராஜ வனத்தில் அவர் கண்டது 2001 ஜனவரியில். 2004இல் அது உலகிற்கே புதிய ஆந்தையினமென விவரிக்கப்பட்டது. ஈரவலய மழைக்காடுகளிலேயே அது வாழ்கிறது. வன்னியில் அதனைத் தேடவேண்டா.