முன்னே சென்றவர் கைகொடுக்க வேண்டாவா?

சிற்றூர்ப் பள்ளியில் பன்னிரண்டாண்டுகள் தமிழில் எண்ணித் தமிழிலேயே எழுதித் தேறிய மாணவன் ஒருவன், பொறியியற் கல்லூரியின் முதல்நாள் வகுப்பில் அமர்கின்றான். பேராசிரியர் 'டெரிவேட்டிவ்' என்கின்றார், அவன் திகைக்கின்றான். 'ஆக்சிலரேசன்' என்கின்றார், மீண்டும் திகைக்கின்றான். முன்னது அவன் நன்கறிந்த வகைக்கெழுவே. பின்னது அவன் பன்முறை கணக்கிட்டுத் தேர்ந்த முடுக்கமே. இதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் அங்கு எவருமிலர். நேற்றுவரை வகுப்பில் முதல்வனாய் நின்றவன் இன்று கடைசி இருக்கையில் ஊமையாய் அமர்கின்றான். அவன் அறிவா குன்றிற்று? இல்லை, அறிவுக்கு வாயிலாயிருந்த மொழி ஒரே நாளில் பிடுங்கப்பட்டது!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காட்டு இடவொதுக்கீடு, மருத்துவத்தில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய துறைகளில் 2021-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அதன்வழிப் பொறியியலிற் சேர்ந்தோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கவும் முன்வந்தது. பாராட்டத்தக்கதே. ஆயின், கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே நுழைந்தவன் இருளில் தடுமாறுகையில் விளக்கேந்தி நிற்பார் யார்?

அவ்விளக்கை ஏந்தத் தக்கவன் ஒருவன் உளன். அவன் பேராசிரியன் அல்லன். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருவானும் அல்லன். அதே பள்ளிகளிலிருந்து ஓரிரண்டு ஆண்டுகட்கு முன்னர் அதே கல்லூரிக்குள் நுழைந்து, அதே இருளில் தடுமாறி, ஒருவாறு வழி கண்டுகொண்ட மூத்த மாணவனே அவன். எந்தச் சொல் முதலில் இடறும், எந்தப் பாடம் முதலில் மருட்டும் என்பது அவனுக்கே தெரியும். பேராசிரியரிடம் கேட்கக் கூசும் கேள்வியை அவனிடம் கேட்கக் கூச்சம் இராது.

ஆனால் அவன் எங்கே இருக்கின்றான்? இங்கேதான் நம் மானம் தலைகுனிகின்றது. அவன் ஒளிந்துகொண்டிருக்கின்றான்! தான் தமிழ்வழியிற் பயின்றவன் என்பதையே மறைத்துக்கொண்டிருக்கின்றான். அரைகுறையாய் ஆங்கிலம் நாவிற் படிந்ததும், புதிதாய் வந்த தம்பியின் ஒலிப்பைக் கேட்டு மற்றவர் நகைக்கையில் தானும் சேர்ந்து நகைக்கின்றான். சென்ற ஆண்டு தன் நெஞ்சைத் தைத்த முள்ளை இவ்வாண்டு தன் கையாலேயே இன்னொருவன் நெஞ்சில் தைக்கின்றான். ஆங்கிலேயன் போய்விட்டான்; அவன் விட்டுச் சென்ற வேலையைத் தமிழன் கூலியின்றிச் செய்துகொண்டிருக்கின்றான். அடிமைத்தனத்தின் முற்றிய நிலை இதுவன்றி வேறெது?

மூத்தோர், இளையோர் என்னும் உறவே கல்லூரிகளில் நஞ்சாகிக் கிடந்ததையும் மறத்தற்கில்லை. 1996-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமை நாட்டையே நடுக்கிற்று. அதன் பின்னரே, 1997-இல், பகடிக் கொடுமையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டிற் பிறந்தது. 2009-இல் பல்கலைக்கழக நல்கைக் குழுவும் கடும் விதிகளை வகுத்தது. சட்டம் ஓங்கிய கையைத் தடுக்கும். ஆனால் தாங்கும் கையை நீட்டச் செய்யாது. அதனை உணர்வுதான் செய்தல் வேண்டும்.

புது மாணவர்க்கெனப் புகுமுகப் பயிற்சி நடத்த அதே நல்கைக் குழு 2019-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'தீட்சாரம்ப்'! வேலூர்ப் பையனும் விருதுநகர்ப் பெண்ணும் கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்கும் முதல் நிகழ்ச்சிக்கு அவர்கள் வாயில் நுழையாத வடசொல் பெயர்! மொழி தெரியாமையால் மருளும் பிள்ளையின் மருட்சியைப் போக்க வந்த பயிற்சி, தெரியாத இன்னொரு மொழியிலன்றோ தொடங்குகின்றது!

எனவே தில்லியையோ கல்லூரி ஆட்சிக்குழுவையோ பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டா. தமிழ்வழியிற் பயின்று மேலேறிய மாணவரே இதனைத் தொடங்கலாம். ஒரு மூத்தவர்க்கு ஐந்து இளையர் போதும். முதல் ஆறு கிழமை, மாலைதோறும் விடுதியிலோ மரத்தடியிலோ ஒரு மணி நேரம் கூடுக. அன்று வகுப்பிற் கேட்ட ஆங்கிலச் சொற்களை ஒருபுறமும், அவற்றுக்குப் பள்ளியிற் பயின்ற தமிழ்ச்சொற்களை மறுபுறமும் எழுதுக. கருத்தைத் தமிழில் விளக்குக. விளங்கிய பின் ஆங்கிலப் பெயரை ஒட்டுக. ஆய்வகக் குறிப்பேட்டை எழுதும் முறை, உதவித்தொகை பெறும் வழி, நூலகத்தில் நூல் தேடும் வகை ஆகியவற்றையும் காட்டுக. ஆங்கிலவழிப் படிப்பாயினும் தேர்வைத் தாய்மொழியில் எழுதவிடுமாறு நல்கைக் குழு 2023-இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதையும், தத்தம் பல்கலைக்கழகத்தில் அதற்கு இடமுண்டா என்பதையும் கேட்டறிந்து சொல்லுக. மாணவியர்க்கு மாணவியரே துணையாகுக. 'சார்' என்றழைக்கச் சொல்லும் செருக்கு இங்கு ஆகாது; அண்ணன், அக்கை என்னும் தமிழ் முறை போதும். ஏவல் வாங்குதலும் காசு பெறுதலும் அறவே கூடா. சாதி கேட்பவன் இப்பணிக்குத் தகான்.

"எப்படியும் ஆங்கிலத்திற்றானே படிக்க வேண்டும்? தமிழைக் காட்டி அவர்களைப் பின்னுக்கு இழுப்பதேன்?" என்று சிலர் வினவுவர். நீந்தத் தெரியாதவனைக் கரையிலிருந்து நடுவெள்ளத்தில் தள்ளுவதா நீச்சல் கற்பிக்கும் முறை? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதலே கல்வி. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. அறிவுக்கே அஃதொன்றுதான் வழி என்னும் பொய்யைத்தான் மறுக்கின்றோம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழில் தொடங்கியபோதே அப்பொய் உடைந்தது. எல்லாத் துறையும் தமிழில் வரும் நாள்வரை இத்துணை தேவை. இம்மாணவர் மாலைதோறும் எழுதும் சொற்பட்டியே நாளைய தமிழ்ப் பாடநூலுக்கு வித்துமாகும்.

இறுதியாகத் தமிழியக்கத்தார்க்கும் ஒரு சொல். கடைப் பெயர்ப்பலகையில் தமிழில்லையேல் கொதிக்கின்றோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழை நம்பிப் பன்னிரண்டாண்டு படித்த பிள்ளை, தமிழிற் படித்ததாலேயே தாழ்ந்தேன் என்று மனம் முறிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகையில், அவனுடன் சேர்ந்து தமிழும் அன்றோ தோற்றுத் திரும்புகின்றது! தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப அவ்வூரில் அதன்பின் எவர் துணிவார்? மேடையில் நூறு முறை தமிழ் வாழ்க என்பதினும், அவன் பக்கத்தில் அமர்ந்து 'தம்பி, இது நீ அறிந்த முடுக்கந்தான்' என்று ஒருமுறை சொல்லுதல் தமிழை வாழ்விக்கும்.

மூத்த மாணவரே! ஒளிந்தது போதும், வெளியே வருக! தமிழிற் படித்தேன் என்று நிமிர்ந்து சொல்லுக; பின்னே வருவான் கையைப் பற்றுக!